யாரும் துக்கம் கேட்க வராத இழப்பு

கேள்வி: எனக்கு வயது 31. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கல்லூரியில் ஆரம்பித்த காதல், ஐந்தரை வருடம். வீட்டு எதிர்ப்பு, சாதிப் பிரச்சினை எதுவும் இல்லை. ஒருநாள் அவளே, ‘எனக்கு இது சரிவரலை, விட்டுடலாம்’ என்று சொல்லிவிட்டாள். 16 மாதம் ஆகிறது. வேலை ஒழுங்காகத்தான் நடக்கிறது, ஷிப்மென்ட் ஒன்றும் தவறவில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. அவள் என்னை பிளாக் செய்துவிட்டதால் நண்பன் போனை வாங்கி அவள் டிபியைப் பார்க்கிறேன். சாக வேண்டும் என்றெல்லாம் தோன்றவில்லை. காலையில் எழுந்திருக்காமல் போய்விட்டால் நல்லது என்று சில நாள் தோன்றும். அம்மா தை மாதத்துக்குள் கல்யாணம் என்று ஜாதகத்தை வெளியே கொடுத்துவிட்டார். நான்கு மாதமாகக் கோவையில் ஒரு கவுன்சலரிடம் போகிறேன். அவர் இப்போது குரூப் தெரபியில் சேரச் சொல்கிறார். எட்டுப் பேர், சனிக்கிழமை சாயங்காலம், 12 வாரம். சனிக்கிழமை கோவை பஸ் ஏறுவதே எனக்குக் கஷ்டம், அது எங்கள் நாள். முன்பின் தெரியாத ஏழு பேர் முன்னால் என் மானம் போகிற கதையை எதற்குச் சொல்ல வேண்டும்? நண்பர்களிடம் நூறு தடவை சொல்லியாகிவிட்டது. அடுத்தவர் அழுவதைக் கேட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது? தெரிந்தவர் யாராவது வந்து உட்கார்ந்தால்? நான் சரியாகிவிட்டேன் என்று தெரிந்தால் அவள் திரும்பி வர வாய்ப்பு இருக்கிறதா? கடைசியாக ஒன்று, அவள் வாங்கிக் கொடுத்த வாட்சை இன்னும் கட்டியிருக்கிறேன். கழற்றிவிட வேண்டுமா?

(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

வரிசையாகக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நடுவில், கேள்வி என்றே நினைக்காமல் ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ‘காலையில் எழுந்திருக்காமல் போய்விட்டால் நல்லது.’ இதுவும் சாக நினைப்பதும் ஒன்றில்லை என்று நீங்களே பிரித்துச் சொல்லியிருக்கிறீர்கள், சரி. ஆனால் எங்கள் தொழிலில் இந்த வரியை யாரும் தாண்டிப் போக மாட்டோம். இதை உங்கள் கவுன்சலரிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தைப் படித்தால் சொல்லவில்லை என்றுதான் படுகிறது. குரூப்பில் சேருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன்னால், இந்த வாரமே, இதே வார்த்தையில் அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த எண்ணம் அடிக்கடி வந்தாலோ, எப்படி, எப்போது என்று மனசு யோசிக்க ஆரம்பித்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீர்கள். 14416 என்பது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-லும் பேசலாம். பக்கத்தில் இருக்கிற ஒரு மனிதரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்களுக்குப் போன் கொடுக்கிற அந்த நண்பரே போதும்.

இரண்டு மணி முழிப்பையும் சும்மா விட முடியாது. தூங்கி, நடுச்சாமத்தில் விழித்து, அப்புறம் தூக்கமே வராமல் கிடப்பது மனச்சோர்வு நோயின் அடையாளங்களில் ஒன்று. அதற்காக உங்களுக்கு அந்த நோய்தான் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஒரு மனநல மருத்துவரை ஒருதரம் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கு ஓபி இருக்கிறது. மாத்திரை கொடுத்தால் சாப்பிட்டுக்கொண்டே குரூப்புக்கும் போகலாம்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

‘மானம் போகிற கதை’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் மானம் போகிறது? ஒருத்தி உங்களோடு ஐந்தரை வருடம் இருந்தாள், பிறகு வேண்டாம் என்று போய்விட்டாள். நீங்கள் திருடவில்லை, ஏமாற்றவில்லை. ஆனாலும் கூச்சமாக இருக்கிறது. எனக்கு இதற்கு ஒரு விளக்கம் உண்டு. நம் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பந்தல் போடுகிறோம், பறை அடிக்கிறோம், ஊர் முழுக்க வந்து கையைப் பிடித்துத் துக்கம் கேட்டுவிட்டுப் போகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை அந்த வீட்டு ஆளை யாரும் ‘ஏன் இப்படி உட்கார்ந்திருக்கே’ என்று கேட்க மாட்டார்கள். உங்களுக்கு இது பதினாறாவது மாதம். ஒரு காரியமும் நடக்கவில்லை. துக்கம் கேட்க யாரும் வரவில்லை. மறுநாளே சாம்பிள் அனுப்பவும், பையருக்கு மெயில் போடவும் போயிருப்பீர்கள்.

கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களில் இதற்கு ஒரு பெயரே வைத்தார். தமிழில் ‘ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம்’ என்று நான் சொல்வேன். காதல் முறிவு, கருச்சிதைவு, வளர்த்த நாய் செத்துப்போவது எல்லாம் இதில் வரும். இழந்தவருக்கு உண்மையிலேயே வலிக்கிறது, ஆனால் அழ அவருக்கு உரிமை இருக்கிறது என்று சுற்றியிருக்கிறவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. வலிக்கிறது என்பதைச் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. 2011-இல் ஈதன் கிராஸ் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும், விருப்பமில்லாமல் காதல் முறிந்துபோன 40 பேரை ஸ்கேன் எந்திரத்துக்குள் படுக்க வைத்தார்கள். ஒரு முறை பழைய துணையின் போட்டோவைக் காட்டி அந்தப் பிரிவை நினைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை முன்னங்கையில் பொறுக்கிற அளவுக்குச் சூடு வைத்தார்கள். உடல் வலியை உணர்கிற மூளைப் பகுதிகள் இரண்டு முறையுமே வேலை செய்தன. ‘நெஞ்சு எரியுது’ என்று நம் பாட்டிகள் சொன்னது சும்மா இல்லை.

நண்பர்களிடம் நூறு தடவை சொல்லியாகிவிட்டது என்கிறீர்கள். நூறாவது தடவை அவர்கள் என்ன சொன்னார்கள்? ‘விட்றா மச்சி, உனக்கு இதைவிட நல்ல பொண்ணு கிடைப்பா’ என்று சொல்லியிருப்பார்கள். அல்லது அவளைத் திட்டியிருப்பார்கள். இரண்டும் பாசத்தில் வருவதுதான். ஆனால் நண்பன் உங்கள் கட்சி. உங்கள் கதையில் அவனுக்கும் ஒரு வேடம் இருக்கிறது. அவளைத் தெரியும், அவள் கையால் டீ வாங்கிக் குடித்திருப்பான், அவளுக்கும் இவனுக்கும் இன்னும் பொதுவான வாட்ஸ்அப் குரூப் இருக்கும். அவனால் உங்கள் கதையைப் புதிதாகக் கேட்க முடியாது.

குரூப்பில் என்ன நடக்கும் என்று காட்டினால்தான் புரியும். நான் மதுரையில் பல வருடங்களாக இந்த மாதிரிக் குழுக்களை நடத்துகிறேன். அடையாளம் தெரியாதபடி ஆட்களை மாற்றிச் சொல்கிறேன்.

ஒரு குழுவில் 24 வயதுப் பையன், நகைக்கடையில் கணக்கு எழுதுகிறவன். இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. மூன்றாவது வாரம் தலையைக் குனிந்துகொண்டு, “ஒண்ணே ஒண்ணு சொல்றேன். என் போன் லாக்கு இன்னும் அவ பொறந்த நாள்தான். மாத்த கை வரலை” என்றான். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அவனுக்கு எதிரில் ஓர் ஆசிரியை, 47 வயது. மடியில் இருந்த கைப்பையைத் திறந்து, அணைத்து வைத்திருந்த போனை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார். “இது கல்யாண நாள் தம்பி. கோர்ட்ல தீர்ப்பாகி மூணு வருஷம் ஆச்சு.” ஓரத்தில் இருந்த ஒருவர் மெதுவாக, “எனக்கு ஏடிஎம் பின்” என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தோம், நான் உட்பட. அந்தப் பையன் அன்றைக்குத்தான் முதல்முதலாக நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான்.

இதே விஷயத்தைத் தனி அறையில் அவனிடம் நான், ‘இது எல்லாருக்கும் நடக்கிறதுதான்’ என்று சொல்லியிருந்தால் மரியாதைக்குத் தலையாட்டியிருப்பான். காசு வாங்கிக்கொண்டு ஆறுதல் சொல்கிற ஆள்தானே நான். குழு சிகிச்சையைப் பற்றி விரிவாக எழுதிய அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம், அதில் மனிதரைக் குணப்படுத்துகிற காரணிகள் என்று பதினொன்றை எண்ணிச் சொன்னார். ‘எனக்கு மட்டும் இல்லை’ என்று தெரிவது அவற்றில் ஒன்று. மற்ற பத்தையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை.

அடுத்தவர் அழுவதைக் கேட்டு என்ன ஆகும் என்ற கேள்விக்கு, இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கிற பெண்களைத்தான் பார்க்கச் சொல்வேன். தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து அழுவார்கள். ‘அழறவ ஒவ்வொருத்தியும் தன் வீட்டு இழவை நினைச்சுத்தான் அழறா’ என்று ஊரில் கிண்டலாகச் சொல்வார்கள். கிண்டல் கிடக்கட்டும், அது நிஜம். செத்தவரை நேரில் பார்த்தே இராதவள்கூட அங்கே அழுதுவிட்டுப் போனால் லேசாகிறாள். அடுத்தவர் கதை உங்கள் தலையில் ஏறும் பாரம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் பார்த்த வரையில், தன் கதையைப் பேச வராதவர்களுக்கு அடுத்தவர் கதைதான் வாயைத் திறந்துவிடுகிறது. ஆனால் இதில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மூன்று வாரம் முன்னைவிட மோசமாக இருப்பது போலத் தோன்றலாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் கண் கலங்கலாம். அதை வைத்து நிறுத்திவிடாதீர்கள். நான்கு அமர்வு முடிந்த பிறகு போவதா விடுவதா என்று யோசியுங்கள்.

உங்களுக்கு அதைவிட முக்கியமானது வேறு ஒன்று. வேறொரு குழுவில் ஒருவர், முப்பது தாண்டியவர், கிட்டத்தட்ட உங்கள் நிலைமை. அவர் பேச்சு எப்போதும் ஒரே கேள்வியில் போய் முடியும். “நான் என்ன குறை வெச்சேன்?” ஐந்தாவது வாரமும் அதே இடத்தில் வந்து நின்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண் அதுவரை அதிகம் பேசாதவர். “அண்ணா, நான் விட்டுட்டு வந்தவ” என்றார். “அவர் ஒரு குறையும் வைக்கலை. நல்ல மனுசர். எனக்கு அந்த வாழ்க்கைல மூச்சு முட்டுச்சு. அதை அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு வருஷம் தெரியாம இருந்தேன். சொன்ன அன்னிக்கு ராத்திரி நானும் தூங்கலை.” அவர் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வேறு எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம் வந்தபோது அந்தக் கேள்வி அவர் பேச்சில் இல்லை. அந்தப் பெண்ணிடம், ‘அவர் உங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரா, அது உங்களுக்கு எப்படி இருந்துச்சு’ என்று கேட்டார்.

இதை உங்கள் நண்பர்கள் யாரும் உங்களுக்குத் தர முடியாது. நானும் தர முடியாது. உங்களை விட்டுப் போனவளிடம் நீங்கள் கேட்க முடியாத கேள்வியை, விட்டுப் போன இன்னொருத்தியிடம் கேட்கலாம். உங்களிடம் ஆதாயமும் பயமும் எதிர்பார்ப்பும் இல்லாத ஒருத்தி பதில் சொல்வாள். அதனால்தான் நான் நடத்துகிற குழுவில் விட்டவர்களும் விடப்பட்டவர்களும் கலந்து இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

ஆரம்பத்தில் எனக்கு இது தெரியாது. முதல் குழுவை அமைத்தபோது ஏறக்குறைய ஒரே வயது, ஒரே மாதிரிக் கதை, எல்லோரும் விடப்பட்டவர்கள் என்று பார்த்துப் பார்த்து ஆள் எடுத்தேன். ஒருவரை ஒருவர் நன்றாகப் புரிந்துகொள்வார்கள் என்று கணக்கு. நன்றாகவே புரிந்துகொண்டார்கள். நான்காவது வாரத்துக்குள் அது டீக்கடை பெஞ்சாகிவிட்டது. ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர்கள் எடுத்துக்கொடுக்க, ஒன்றரை மணி நேரமும் வந்திராத பெண்களைத் திட்டிவிட்டு, போகும்போது வந்ததைவிடக் கோபமாகப் போனார்கள். இரண்டு பேர் நின்றே விட்டார்கள். சேர்ந்து உட்கார்ந்து ஒரே புண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றி அமாண்டா ரோஸ் என்ற உளவியலாளர் 2002-இலேயே எழுதியிருக்கிறார். அதைச் செய்கிறவர்களுக்கு நட்பு நெருக்கமாகிறது, மனச்சோர்வும் கூடுகிறது. படித்திருந்தேன், ஆனால் என் அறைக்குள் நடக்கும்போது எனக்கு அது தெரியவில்லை. நீங்கள் போகிற இடம் இப்படி ஆனால், அதாவது நான்கு வாரம் ஆகியும் எல்லோரும் வராதவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், நடத்துகிறவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். நல்ல ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

‘எங்கள் நாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பிரிந்து 16 மாதம் ஆன பிறகும் ‘எங்கள்’. நான் குறை சொல்லவில்லை. 2015-இல் கிரேஸ் லார்சன், டேவிட் ஸ்பாரா என்ற இருவர், ஆறு மாதத்துக்குள் காதல் முறிந்த 210 இளைஞர்களை இரண்டு பிரிவாக வைத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினர் ஒன்பது வாரத்தில் பல தடவை வந்து கேள்வித்தாள் நிரப்பினார்கள், தங்கள் பிரிவைப் பற்றித் தனியாக உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தார்கள். இன்னொரு பிரிவினர் ஆரம்பத்திலும் கடைசியிலும் மட்டும் வந்தார்கள். யாருக்கும் சிகிச்சை எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் திரும்பத் திரும்ப வந்தவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். ‘நான் யார்’ என்பது அவர்களுக்கு முன்னைவிடத் தெளிவாகியிருந்தது, பேச்சில் ‘நாங்கள்’ குறைந்திருந்தது. ஐந்தரை வருடத்தில் உங்கள் சனிக்கிழமை, சாப்பாடு, கேட்கிற பாட்டு எல்லாம் இரண்டு பேருக்குச் சேர்த்துத் தைத்த துணி மாதிரி ஆகியிருக்கும். தையலைப் பிரித்து உங்கள் பாதியை மட்டும் எடுக்க நேரம் ஆகும். தனியாகப் பிரித்தால் கிழிகிறது.

இந்த முறைக்குச் சரித்திரமும் சின்னதில்லை. 1905-இல் பாஸ்டன் நகரத்தில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியத்துக்குப் போக வசதியில்லாத காசநோயாளிகளை வாரம் ஒருமுறை ஒன்றாக உட்கார வைத்தார். ஓய்வு, சாப்பாடு பற்றிச் சொல்லிக்கொடுக்கத்தான் கூட்டினார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தே தைரியம் அடைவதைக் கவனித்தார். அங்கிருந்து வந்த வழி இது. நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் உகாண்டா. 2003-இல் வெளியான ஆய்வில், அந்நாட்டின் தென்மேற்கில் 30 கிராமங்களை எடுத்து, பாதியில் மனச்சோர்வு உள்ளவர்களை வாரம் ஒன்றரை மணி நேரம், 16 வாரம் குழுவாக உட்கார வைத்தார்கள். நடத்தியவர்கள் டாக்டர்கள் இல்லை, இரண்டு வாரம் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். முன்னால் நூற்றுக்கு 86 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்த இடத்தில், முடிவில் ஆறேழு பேருக்குத்தான் மிச்சம் இருந்தது. குழு இல்லாத கிராமங்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அப்படியே இருந்தது. அந்த முறையில், ஒரு வாழ்க்கை நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறத் தெரியாமல் தவிப்பதை ஒரு தனிப் பிரச்சினையாக எடுத்துப் பேசுவார்கள். ‘ஒருத்தியின் ஆள்’ என்பதிலிருந்து ‘தனி ஆள்’ என்பதற்கு மாறுவதும் அதில்தான் வரும்.

தெரிந்தவர் வந்து உட்கார்ந்தால்? கோவை, திருப்பூர் வட்டாரத்தில் இது நியாயமான பயம், பனியன் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒழுங்காக நடத்துகிறவர் யாரையும் நேராக வட்டத்தில் கொண்டுவந்து உட்கார வைக்க மாட்டார். முன்னால் தனியாக ஒன்றிரண்டு தடவை பேசுவார். அப்போது உங்கள் கம்பெனி, கல்லூரி, ஊர் மூன்றையும் சொல்லி, ‘இந்த மூன்றிலிருந்தும் யாராவது இருக்கிறார்களா’ என்று கேளுங்கள். பெயரைச் சொல்ல மாட்டார், ஆனால் இருக்கிறதா இல்லையா என்று சொல்லலாம். தப்பித்தவறி முதல்நாள் தெரிந்த முகம் இருந்தால், அங்கேயே எழுந்து வெளியே வந்துவிடலாம், அதில் தப்பில்லை. அவரும் உங்களைப் பார்த்து அதே அளவு பயந்திருப்பார் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ரகசியம் பற்றி ஒரு விஷயம் நேராகச் சொல்ல வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு, சிகிச்சை தருகிறவரை ரகசியம் காக்கச் சொல்கிறது. பக்கத்து நாற்காலிக்காரருக்கும் அது பொருந்தும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே இருப்பது வாக்கு மட்டும்தான், முதல் நாள் எல்லோரும் ஒருவருக்கொருவர் கொடுப்பது. என் அனுபவத்தில் அந்த வாக்கைப் பெரும்பாலும் காப்பாற்றுகிறார்கள், ஏனென்றால் எல்லோர் குடுமியும் எல்லோர் கையிலும் இருக்கிறது. இருந்தாலும் முதல் வாரமே முழுப் பெயரும் அவள் பெயரும் சொல்ல வேண்டிய அவசியமில்லை. போனை அணைத்து வைக்கச் சொல்கிறார்களா, ரெக்கார்டிங் கூடாது என்று சொல்கிறார்களா என்று பாருங்கள்.

நடத்துகிறவர் யார் என்பதையும் விசாரியுங்கள். கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம் என்பதுதான் இன்றைய நிலைமை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு எண் இருக்கும். கேட்டால் கொடுப்பார்கள். குழு நடத்திய அனுபவம் உண்டா என்றும் தனியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் ஒருவரோடு நன்றாகப் பேசுகிறவருக்கு எட்டுப் பேரைச் சமாளிக்க வரும் என்று சொல்ல முடியாது. அமர்வுக்கு வெளியே உறுப்பினர்கள் தனியாகச் சந்திப்பது பற்றி விதி இருக்கிறதா என்று கேளுங்கள். சிரிக்காதீர்கள், குழுவுக்குள்ளேயே புதுக் காதல் முளைப்பது எங்களுக்குத் தெரிந்த தலைவலி. காயம் பட்ட இரண்டு பேர், மனசைத் திறந்து பேசுகிற ஓர் இடம், அப்புறம் பஸ் ஸ்டாண்டு வரை சேர்ந்து நடப்பது. அந்தக் காதல் முடிந்தவுடன் ஒருவர் வருவதை நிறுத்திவிடுவார், மற்றவர் ஆரம்பித்த இடத்துக்கே திரும்பியிருப்பார்.

டிபி விஷயம். ஹெலன் ஃபிஷர் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், காதலில் கைவிடப்பட்ட 15 பேருக்கு அந்த ஆளின் படத்தைக் காட்டியபோது, மூளையில் ஏக்கத்தையும் போதையையும் தூண்டுகிற இடங்கள் வேலை செய்தன. 2012-இல் டாரா மார்ஷல் என்பவர் 464 பேரிடம் கேட்டதில், பழைய துணையின் ஃபேஸ்புக் பக்கத்தை அதிகம் எட்டிப் பார்க்கிறவர்களுக்கே வேதனையும் ஏக்கமும் அதிகமாக இருந்தன. உங்களுக்கு இந்த ஆராய்ச்சி தேவையே இல்லை. பார்த்த பிறகு ராத்திரி எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அவள் உங்களை பிளாக் செய்திருக்கிறாள் என்றால், பார்க்க வேண்டாம் என்று கதவைச் சாத்தியிருக்கிறாள். நண்பன் போன் வழியாக எட்டிப் பார்ப்பது அந்தக் கதவு ஓட்டையில் கண் வைப்பது. அந்த நண்பரிடம், ‘இனி நான் கேட்டாலும் கொடுக்காதே’ என்று நீங்களே சொல்லி வையுங்கள். நான்கு நாள் கஷ்டமாக இருக்கும். ஐந்தாம் நாள் கேட்டுவிட்டால் அதைக் குரூப்பில் சொல்லுங்கள். சொல்ல வேண்டுமே என்ற கூச்சத்திலேயே பாதிப் பேர் நிறுத்தியிருக்கிறார்கள்.

அவள் திரும்பி வருவாளா? குரூப் அதற்கான வழி இல்லை. அந்த எண்ணத்தோடு போனால் 12 வாரமும் யாருக்கோ காட்ட நடித்துக்கொண்டிருப்பீர்கள், எட்டுப் பேரில் நீங்கள் ஒருவர்தான் ஏமாந்து திரும்புவீர்கள். சரிவரவில்லை என்று முடிவெடுக்க அவளுக்கு உரிமை உண்டு, அதை அவள் நேரில் சொல்லியும் இருக்கிறாள். ஆனால் இந்த ஆசை இருக்கிறது என்பதை முதல்நாள் அந்த அறையில் சொல்லுங்கள். நீங்கள் மட்டும்தான் அப்படி ஆசைப்படுகிறவர் என்றால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அம்மா விஷயத்தில் எனக்குப் பட்டதை நறுக்கென்று சொல்லிவிடுகிறேன். ‘கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்’ என்று ஒரு மருந்தை நம் வீடுகளில் எல்லா நோய்க்கும் கொடுக்கிறார்கள். அந்த மருந்தாக வந்து சேர்கிற பெண்ணின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இராத்திரி இரண்டு மணிக்குப் பக்கத்தில் இருக்கிறவர் ஏன் விழித்திருக்கிறார் என்று தெரியாமல் அவளும் விழித்திருப்பாள். அம்மாவிடம் முழுக் கதையும் சொல்ல வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். ‘இந்தத் தை வேண்டாம்மா, உடம்பு சரியில்ல, தூக்கம் வர்றதில்ல, டாக்டர்கிட்ட போறேன்’ என்று சொன்னால் போதும். அதில் பொய் ஒன்றும் இல்லை. எப்படிச் சொல்வது என்று குரூப்பில் ஒத்திகை பார்க்கலாம். அம்மா வேடத்துக்கு ஆள் கிடைப்பார்கள், அந்த ஆசிரியை மாதிரி ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார்.

வாட்சை நான் கழற்றச் சொல்ல மாட்டேன், கட்டியிருக்கவும் சொல்ல மாட்டேன். 16 மாதமாகக் கட்டியிருக்கிறீர்கள், இன்னும் சில வாரம் இருப்பதில் ஒன்றும் கெட்டுவிடாது. சில குழுக்களில் நாலைந்து வாரம் கழித்து, பழைய உறவிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேசச் சொல்வோம். பொருளைத் தேடுகிற வேலை உங்களுக்கு இல்லை, அது கையிலேயே இருக்கிறது. அதுவரை மணி பார்க்கப் பயன்படுத்துங்கள். பல இடங்களில் அமர்வு ஆரம்பித்துக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அவிநாசி ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கொஞ்சம் முன்னாடியே பஸ் ஏறுங்கள்.